பழைய பல்சக்கரம்

காலை ஒன்பதரை மணிக்கு நாங்குநேரியில் அந்த வண்டியைப் பார்த்தேன். சரக்கு லாரியில் பலகை அடித்து பஸ்ஸாக மாற்றியிருந்தார்கள். பிரசவ வலி கண்ட மனைவியைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அதில்தான் ஏற்றினேன்.

யுத்த காலம், பெட்ரோலுக்குக் கிராக்கி.

"பின் அச்சுல பெரிசக் கழத்திட்டு சின்னப் பல்சக்கரம் மாட்டியிருக்கேன் வே. சமதரையில எண்ணெய் மிச்சம்," என்றார் டிரைவர்.

"மேட்டுல?"

"மேட்டுல நீரு எறங்கித் தள்ளும்!"

ஓடை தாண்டிய மேட்டில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். உள்ளே என் மனைவியும், எதிர்ப் பலகையில் மூச்சிளைத்தபடி ஒரு பெரியவரும் மட்டும் இருந்தார்கள். வண்டி நகரவில்லை.

"இன்னும் ஒரு ஆளு எறங்கணும்," என்ற டிரைவர் என் மனைவியைப் பார்த்தார்.

பெரியவர் எழுந்தார். "நீ இரு தாயி. நான் பைய நடந்து வாரேன்."

வண்டி ஏறிவிட்டது. உச்சியில் காத்திருந்தோம். அவர் வரவில்லை. திரும்பிப் போனேன். பாதி வழியில் புளியமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சில்லை.

அன்று மாலை மகள் பிறந்தாள். இன்றும் எந்த மேட்டில் ஏறினாலும் திரும்பிப் பார்க்கிறேன்.

அன்று ஆஸ்பத்திரி வாசலில் டிரைவர், பெரியவர் உட்கார்ந்திருந்த அந்த எதிர்ப் பலகையைத் தூக்கியதைப் பார்த்தேன். கழற்றிய பழைய பல்சக்கரம் அதனடியில் கிடந்தது. ஓர் ஆள் கனமிருந்த அதை இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.