மேயர் இல்லாத ஊரில் ஒரு கல்யாணம்

'மாசி, திங்கட்கிழமை, நகராட்சித் திருமணப் பதிவு அறை' என்கிறது என் குறிப்பு. வேறு வேலையாகப் போயிருந்தேன். அங்கே கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்ட முதியவர் ஒருவர் மனைவியோடு நின்றிருந்தார். பிரெஞ்சுப் படையில் ஓய்வுபெற்றவர். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதியவில்லை. பதியாவிட்டால் அவருக்குப் பின் மனைவிக்குப் பிரான்சிலிருந்து பென்ஷன் வராது.

"பிரெஞ்சுக்காரன் இந்த ஊர ஆண்டப்ப, எங்கப்பா கல்யாணத்துக்கு மேயரே பிரெஞ்சுக் கொடி மாதிரி மூணு கலர் பட்டை போட்டுக்கிட்டு நின்னாராம். நான் கிளார்க் முன்னாடி நிக்கணுமா?" என்றார்.

"ஊர்ல மேயர் இல்லாம எத்தினி வருஷமாச்சு! அவரு வர்றதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன். கையெழுத்தப் போடுய்யா!" என்றார் மனைவி.

முதியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், நீங்க மேயர் மாதிரி இருக்கீங்க. கிளார்க் பக்கத்துல செத்த நில்லுங்க."

நின்றேன். எனக்கு சல்யூட் வைத்துவிட்டுக் கையெழுத்திட்டார். பிரான்சில் அந்தப் பதிவை ஏற்றுக்கொண்டார்களா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.