ரேடியோவில் அக்கா பேர்

அன்று சாயங்காலம் ரேடியோ முன்னால் இருந்தது நாலு பேர். கட்டிலில் அப்பா. அடுப்புப் பக்கம் அம்மா. பீங்கான் கம்பெனியில் வேலை முடிந்து வந்த அக்கா. அஞ்சாவது படித்துக்கொண்டிருந்த நான்.

இன்று சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் எஃப்எம் ஓடியது. பாட்டு விரும்பிக் கேட்டவர்கள் பேரை வாசித்தார்கள். முப்பது வருஷம் ஆகியும், அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டேன்.

நேயர் விருப்பத்துக்கு அக்கா சொன்னபடி கார்டு எழுதினது நான். செல்வி என்று அவள் பேரை மட்டும்தான் எழுதச் சொன்னாள். அவளோடு வேலை செய்த முருகன் அண்ணன் எனக்கு ஒரு பீங்கான் கிளி கொடுத்திருந்தார். அவர் பேரும் ரேடியோவில் வரட்டும் என்று நானாகச் சேர்த்துவிட்டேன்.

"விருத்தாசலம் செல்வி, முருகன்" என்று ரேடியோ சேர்த்து வாசித்தது.

அப்பா எழுந்தார். "எவன்டி அவன்?"

"கம்பெனியில கூட வேலை செய்யறவருப்பா."

"ஊரே கேக்குது. கார்டு யாரு போட்டது?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான்" என்றாள்.

அப்பா உப்பு ஜாடியைத் தூக்கி அவள் தலையில் அடித்தார். ஜாடி உடைந்தது. விழுந்தவளை முடியைப் பிடித்து இழுத்து மிதித்தார். குறுக்கே வந்த அம்மாவுக்கும் உதை. அக்கா கேட்ட பாட்டு முடிந்த பிறகும் மிதித்தார்.

"கொல்லையில வழுக்கி வுழுந்துட்டா" என்று அம்மா டாக்டரிடம் சொன்னாள். அக்கா தலையில் அவர் தையல் போடப் போட நான் எண்ணினேன்.

பதினொன்று.