மையவாடியில் கிடக்கும் கதை

என் புத்தகத்தை மண்ணில் புதைத்தவர் என் கணவரின் அண்ணன். கிழிந்த குர்ஆன் தாள்களோடு தவறிச் சேர்ந்துவிட்டது என்று இத்தனை காலமாகச் சொல்லி வருகிறார். தவறிச் சேரவில்லை. தெரிந்தே சேர்த்தார்.

வாசிப்பில் உனக்கு ஆசை மூட்டிய எழுத்தாளர் யார் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். பேர் சொல்ல எனக்கு வழியில்லை. என் கைக்கு வந்தபோதே அந்தப் புத்தகத்தில் முதல் தாள் இல்லை. எழுதியவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

நான் வாழ்க்கைப்பட்ட வீடு பேட்டையில். கல்யாணம் முடிந்த சில மாதங்களில் கணவர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் கணவரைப் பெற்ற மாமி, அவருடைய மூத்த மகன், அவர் மனைவி, மக்கள். பேச ஆள் இல்லாமல் இல்லை. என்னிடம் பேசத்தான் ஆள் இல்லை. பகல் முழுக்கப் பக்கத்துத் தெருவில் தறிச் சத்தம் கேட்கும். அது நின்ற பிறகுதான், அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை என்பது உறைக்கும்.

அந்த நாளில் எங்கள் பெண்களுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லித்தருவதில்லை. ஓதுவதற்காக அரபு எழுத்து தெரியும். அதே எழுத்தில் தமிழை எழுதுவோம், வாசிப்போம். அரபுத் தமிழ் என்போம். கணவரின் கடிதமும் அப்படித்தான் வரும், வந்த மட்டும். என் உம்மா கொடுத்துவிட்ட மரப்பெட்டியின் அடியில் கிடந்த புத்தகமும் அரபுத் தமிழ்தான்.

அதற்கு முன் நான் வாசித்தவை தொழுகைச் சட்டமும் நபிமார் சரிதையும். அவற்றை எழுதியவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நான் எப்படி இருக்க வேண்டும் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். இந்தப் புத்தகத்தை எழுதிய ஆள், என்ன நடந்தது என்று சொன்னார்.

கடல் கடந்து போன கணவனிடமிருந்து சேதி வராத ஒருத்தி அவனைத் தேடிப் புறப்படுகிறாள். அவ்வளவுதான் கதை. முதல் நாள் நடையிலேயே அவள் கால் கொப்புளித்துவிடுகிறது. ஒரு கிணற்றடியில் உட்கார்ந்து, அழாமல், இருக்கிற அவலில் பாதியை மறுநாளுக்கென்று முந்தானையில் முடிந்துவைக்கிறாள். அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். அடுப்படியில் என்னோடு இன்னொருத்தி இருப்பதுபோல் இருந்தது.

கதையை நான் முடிக்கவில்லை. முடித்துவிட்டால் வீட்டில் வேறு கதை இல்லை. அவள் கடற்கரைக்கு வந்து நிற்கிற இடத்தோடு நிறுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவேன். கணவரின் அடுத்த கடிதம் வருகிற அன்று கடைசிப் பகுதியை வாசிப்பது என்று வைத்திருந்தேன்.

மூத்தவர் என்னோடு நேராகப் பேசமாட்டார். தன் உம்மாவிடம் சொல்வார், எனக்குக் கேட்கும்.

“உம்மா, கஞ்சி பொங்கி வடியுது. உன் மருமவ ஓதிக்கிட்டு இருக்காளோ?”

“ஓதலை. கதை வாசிக்கா,” என்றார் மாமி.

“கதையா? சரிதான். இனி மார்க்கத்துல சந்தேகம்னா நம்ம அடுப்படிக்குத்தான் வரணும்.”

மாமி சிரித்தார். மூத்தவர் மனைவியும் சிரித்தாள். ஆக, அது கதை என்பது அன்றே அவருக்குத் தெரியும்.

அரபு எழுத்துள்ள தாளை எங்களவர்கள் குப்பையில் போடமாட்டார்கள். கால் படக்கூடாது. கிழிந்துபோனால் வெள்ளைத் துணியில் சுற்றி, பள்ளிவாசலை ஒட்டி மையத்துகளை அடக்கும் மையவாடியில், கபருக் குழிகளுக்குப் பின்னால், ஆள் நடக்காத மூலையில் புதைப்பார்கள். நோன்புக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மூத்தவர் அப்படி ஒரு மூட்டை கட்டினார். கொல்லையில் பானை விளக்கிவிட்டு நான் வந்து பார்த்தால் என் பெட்டி திறந்து கிடக்கிறது.

“மாமி, என் புத்தகத்த எங்க?”

“அரபு எழுத்துல்லா. மிதிபடக் கூடாதுன்னு பெரியவன் கொண்டுபோயிட்டான். நன்மைதான புள்ள.”

“அது கிழியலையே மாமி.”

“முதத் தாள் இல்லைன்னு நீதான சொன்ன?”

மூத்தவரின் தலைமாட்டில் ஒரு வைத்தியப் புத்தகம் இருக்கும். அதுவும் அரபுத் தமிழ்தான். அட்டை கிடையாது, பாதித் தாளைப் பூச்சி தின்றிருந்தது. மூலத்துக்கு மருந்து சொல்கிற அந்தப் புத்தகத்தை அவர் புதைக்கவில்லை.

புதைத்ததைத் தோண்டக் கூடாது. பெண்கள் மையவாடிக்குள் போகவும் கூடாது. நான் என்ன செய்ய முடியும்? அந்த மழைக்காலம் முழுக்க, ஒவ்வொரு மழைக்கும் அந்தத் தாள்களை நினைத்தேன்.

பிறகு கணவரின் கடிதங்கள் நின்றன. தூத்துக்குடியில் கப்பல் ஏறிக் கொழும்புக்குப் போய்ப் பார்த்து வருகிறேன், என் தம்பி துணைக்கு வருவான் என்று மாமியிடம் சொன்னேன். மூத்தவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“உம்மா, உன் மருமவட்ட சொல்லு. ஆம்பள வேஷம் போட்டுக் கப்பல் ஏறுததெல்லாம் கதைல நடக்கும். இங்கன நடக்காது.”

நான் வாசித்த மட்டும் அவள் ஆண் வேடம் போடவில்லை. கப்பலும் ஏறவில்லை. கரையில் நின்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் நேராகக் கேட்டேன்.

“மச்சான், அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அவர் கையைக் கழுவிவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

கணவர் வரவில்லை. என்னையும் போகவிடவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து வீடு வீடாக வரும் மிஷன் அம்மாளிடம் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டேன், அவருடைய வேதத்துக்காக அல்ல. அதன்பின் கைக்கு எட்டிய அத்தனையும் வாசித்தேன். நல்ல எழுத்தாளர்கள் கிடைத்தார்கள். ஒவ்வொருவரிடமும் அந்த அவல் முடிச்சைத் தேடினேன். அந்தக் கதையை எழுதியவரை மறுபடி எங்கும் காணவில்லை. அந்தக் கதையைக் கேள்விப்பட்டவர்களைக்கூட நான் சந்திக்கவில்லை.

முடிவு தெரிந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். புதைக்கும் முன் கடைசிவரை வாசித்திருக்கிறார். இன்று அவர் பள்ளிவாசலில் பெரிய மனிதர். இதை யாராவது அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மச்சான், எனக்கு மன்னிப்பு வேண்டாம். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஊர் கலையும் முன், எல்லோர் காதிலும் விழும்படி பள்ளிவாசல் முற்றத்தில் நின்று அந்த முடிவைச் சொல்லுங்கள். நான் தெருவில் நின்று கேட்டுக்கொள்கிறேன். அவள் கப்பல் ஏறினாள் என்பது உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. போய் அவனைக் கண்டாளா, இல்லையா?