டோக்கன் நம்பர் இல்லாத புகார்

இசக்கிசெல்வி என்பது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. அவளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "எங்க அம்ம வாசிச்சாலும் அது நான்தான்னு தெரியக் கூடாது" என்றாள். அதனால் பெயரையும் இன்னும் சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். அவள் செய்த காரியத்தை மாற்றவில்லை.

தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. டிப்ளமோ முடித்து, காண்டிராக்டர் ஒருவர் மூலம் ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனிக்கு வந்தவள். நான் வடக்குப்பட்டு. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி, பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு அதே கம்பெனியில் பாகங்களைச் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்தேன். அந்த 'கிடைக்கும்வரை' நீண்டுகொண்டே போனது. அவளுக்கு அப்படி எந்தச் சாக்கும் தேவைப்படவில்லை. வந்த இடத்தில் ஊன்றி நின்று வேலை செய்வாள். சாப்பாட்டு நேரத்தில் மட்டும், "இது சாம்பாரா பாயாசமா அண்ணாச்சி?" என்று கேன்டீன்காரரிடம் தினமும் சண்டை பிடிப்பாள்.

அவளுக்கு வேலை பிரஸ் மெஷினில். இரும்புத் தகட்டை ஒரே அடியில் வளைத்துவிடும் மெஷின் அது. அதன் வாய்க்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று உண்டு. கை குறுக்கே போனால் மெஷின் உடனே நிற்க வேண்டும். அடிக்கடி நின்றால் உற்பத்தி குறைகிறது என்று, சூப்பர்வைசர் பேனலில் ஒரு சாவியைப் போட்டுத் திருப்பி அந்தத் திரையை அணைத்துவிடுவார். பாதுகாப்பைச் சோதிக்க ஆடிட் வரும் நாளில் மட்டும் சாவி அவருடைய சட்டைப்பைக்குள் போய்விடும்.

ஒரு மாலை, கோணலாக உட்கார்ந்த தகட்டைச் சரிசெய்ய அவள் கை நீட்டியபோது மெஷின் இறங்கியது. கையுறையின் நுனி துண்டாகிப் போனது. அது அவள் கைக்குப் பெரியது என்பதால் விரல்கள் தப்பின. சூப்பர்வைசர் அதைக் கழற்றச் சொல்லி வாங்கிக்கொண்டு, வேறு ஜோடி கொடுத்துவிட்டுப் போனார். எங்கும் எதுவும் பதிவாகவில்லை.

"இத சொல்லிரணும்ட்டி" என்றாள் மறுநாள் என்னிடம்.

யாரிடம் சொல்வது? எங்கள் லைனில் இருந்த மாரிராஜ் இதே சாவியைப் பற்றி எழுதி யோசனைப் பெட்டியில் போட்டவன். பெட்டிக்கு மேலே கேமரா இருப்பதை அவன் யோசிக்கவில்லை. ஆள் குறைப்பு என்று அவனுடைய கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள்.

இன்னொரு வழி இருந்தது. எங்களிடம் பாகங்கள் வாங்கும் பெரிய கார் கம்பெனி, கை கழுவும் இடத்தில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. குறைகளை இந்த இணையதளத்தில் சொல்லலாம், பெயர் தர வேண்டியதில்லை என்றது போஸ்டர். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவதால் யாரும் அதிலிருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ய முடியாது. இசக்கிசெல்வி கை கழுவும் சாக்கில், தினமும் சில எழுத்துகளாக அந்த முகவரியை மனப்பாடம் செய்தாள்.

விடுமுறை நாளில் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போனோம். கும்பிட்டுவிட்டு மரத்தடியில் உட்கார்ந்தோம். நீ தங்கியிருக்கும் விடுதியின் வைஃபை காண்டிராக்டருடையது, அதில் வேண்டாம், உன் சொந்த டேட்டாவிலேயே போ, எந்தக் கணக்கிலும் லாகின் செய்யாதே என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கல்லூரியில் படித்தது முதன்முதலாக எதற்கோ பயன்பட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அவள் தட்டி முடித்து போனை நீட்டினாள்.

"இன்னாடி இது? பேர் வேணாம்னு டிக் பண்ணிட்டு கீழ டோக்கன் நம்பர் போட்டுக்கீற?"

எட்டிப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். "கை தன்னால போட்டுருச்சு பாரேன்."

எங்கள் கம்பெனியில் எந்தத் தாளை நிரப்பினாலும் கடைசியில் அவரவர் பணியாளர் எண்ணான டோக்கன் நம்பரைப் போட வேண்டும். அவள் கைக்கு அது கையெழுத்தைவிடப் பழகியிருந்தது. இருவரும் சிரித்தோம். அவள் நம்பரை அழித்தாள். மறுபடி படித்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"கையுறை அறுந்துச்சின்னு எழுதிக்கீற. யாரோட கையுறைன்னு சூப்பர்வைசருக்குத் தெரியாதா? அதுவும் நம்பர் மாதிரிதான்."

அந்த வரி போனது. ஷிப்ட் போனது. தேதி போனது. 'பிரஸ் பகுதியில் பாதுகாப்பு சரியில்லை' என்பது மட்டும் மிஞ்சியது.

"இத வாசிச்சு அவிய என்ன செய்வாவ? வாரோம்னு போன் போட்டுட்டு வருவாவ. இவரு சாவிய எடுத்து ஒளிச்சிருவாரு." அவள் எதையும் அனுப்பாமல் போனைப் பைக்குள் போட்டாள். எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அவள் மாட்டிக்கொள்ள மாட்டாள் என்பதாலா, நான் மாட்டிக்கொள்ள மாட்டேன் என்பதாலா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். பதில் நன்றாக இல்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள் கேட்டாள், "மஞ்சு, சாவி சங்கதி யார் யாருக்குத் தெரியும்?"

"பிரஸ்ல நிக்கிறவங்களுக்கு."

"அதாம் இடிக்குது. கம்பெனி பூரா தெரிஞ்சிட்டுன்னா, எழுதுனது எவன்னு எப்படிக் கண்டுபிடிப்பாவ?"

மறுநாள் கேன்டீனில் அவள் அருள்பாண்டிக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். அவனுக்கு வெல்டிங் பகுதியில் வேலை, வாய்க்குப் பூட்டே கிடையாது. "எங்க பேனல்ல ஒரு சாவி கெடக்கு. ஆடிட்காரங்க வந்தா, மாமியாரக் கண்ட மாப்பிள்ளை மாதிரி ஓடி ஒளிஞ்சிக்கிடும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அடுத்த நாளே அது அருள்பாண்டியின் சொந்த ஜோக்காகிவிட்டது. "மாப்பிள்ளை இன்னைக்கு வீட்டுலதான் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டு பிரஸ் பக்கம் வந்தான். பெயிண்ட் பகுதிக்காரர்களும் கேட்டார்கள். கம்பெனி பஸ்ஸில், மற்ற ஷிப்டுகளில், பார்சல் ஏற்றுகிறவர்களிடம்கூட மாப்பிள்ளை புகழ் பரவியது. அந்த வழியாகப் போகிற எல்லாரும் பேனலை எட்டிப் பார்த்தார்கள்.

"அருள்பாண்டி மேல பழி வுழுந்தா?" என்று கேட்டேன். அதைக் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"விழுந்தா, எழுதுனது நான்தான்னு போயி நின்னுருவேன்" என்றாள். "அதையும் யோசிச்சுதான் வச்சிருக்கேன்."

அடுத்த விடுமுறையில் வாலாஜாபாத் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து அவள் அனுப்பினாள். பிரஸ் பேனலில் சாவி போட்டு ஒளித்திரையை அணைக்கிறார்கள், ஆடிட் அன்று எடுத்துவிடுகிறார்கள், சொல்லாமல் வந்து பாருங்கள். அவ்வளவுதான். பதிலைப் பார்ப்பதற்கு அந்தத் தளம் ஓர் எண்ணும் கடவுச்சொல்லும் கொடுத்தது. ஸ்கிரீன்ஷாட் வேண்டாம் என்றேன். அதையும் மனப்பாடம் செய்துகொண்டாள்.

சில நாட்களில் அதில் ஒரு கேள்வி வந்தது: நீங்கள் எந்த ஷிப்ட்? அவள் நிதானமாகத் தட்டினாள்: 'எந்த ஷிப்டில் வந்தாலும் தெரியும்.'

கார் கம்பெனியிலிருந்து வந்தார்கள். செக்யூரிட்டி உள்ளே தகவல் சொல்ல ரிசீவரை எடுத்த நேரத்தில், நிற்காமல் நேராக பிரஸ் பகுதிக்கு நடந்தார்கள். சாவி பேனலில் இருந்தது.

பிறகு எங்கள் கம்பெனியில் ஒவ்வொருவராக எச்.ஆர். அறைக்கு அழைத்தார்கள். என் முறையும் வந்தது.

"புகார் போட்டது யாரு?"

"தெரியாது சார்."

"சாவி விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும் சார்."

அவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். பொய் சொன்னது நாங்கள் இருவர் மட்டுமே. யாருக்கும் வேலை போகவில்லை. பேனலில் அந்தச் சாவித் துவாரத்தையே அடைத்துவிட்டார்கள்.

மெஷின் அடிக்கடி நின்றதால் லைன் மெதுவானது, ஊக்கத்தொகை நின்றது. கேன்டீனில் வசவு தொடங்கியது.

"எவனோ வேல மெனக்கெட்டு எழுதிப் போட்டு நம்ம சோத்துல மண்ணப் போட்டுட்டான்" என்றான் அருள்பாண்டி. "கையில கெடைக்கட்டும்."

"கெடச்சா என்ன செய்வ?" என்றாள் இசக்கிசெல்வி.

"நறுக்குனு ரெண்டு கேள்வி கேப்பேன்."

"என்ன கேள்வின்னு சொல்லு. நான் பாத்தா நானும் கேட்டு வைக்கேன்."

நான் வாயைத் திறக்கப் போனேன். மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

வெளியே வந்ததும், "உனக்குக் கோவமே வர்லியாடி?" என்றேன்.

"வருது. அதுக்காக இப்பப் போயி பேரு சொல்லவா?"

அந்த வாரம் ஆள் பற்றாக்குறை என்று அருள்பாண்டியை அவளுக்கு அடுத்த பிரஸ்ஸில் நிறுத்தினார்கள். என் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தகடு கோணலாக உட்கார்ந்தது. பழக்கமில்லாதவன், அவசரமாகக் கையை உள்ளே விட்டான். மெஷின் பாதியில் நின்றது. கைக்கு மேலே தொங்கி நின்ற இரும்பையும், புகார் எழுதியவனையும் சேர்த்துத் திட்டினான்.

"கைய வெளிய எடு" என்றாள் இசக்கிசெல்வி. அவன் எடுக்கும்வரை காத்திருந்து, எட்டி ரீசெட் பொத்தானை அழுத்திவிட்டுத் தன் மெஷினுக்குத் திரும்பினாள்.