இருநூற்றுப் பதினேழாம் கேள்வி

எங்களுடையது மின்சார நிறுவனங்களின் சங்கம். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுக்கிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை ஒரே மண்டபத்தில் கூடி, டிரான்ஸ்பார்மர் எண்ணெயிலிருந்து புயல் சேதம்வரை இரண்டு நாள் பேசுவார்கள். நான் அங்கே மைக் பார்க்கிறவன், அதனால் என் பெயரே மைக்கு என்று ஆகிவிட்டது. வாசலில் பதிவு மேஜையில் உட்கார்ந்து பேட்ஜ் கொடுக்கிறவர் பேட்ஜ் அக்கா. இது அக்காவின் கதை. நடுவில் நானும் வருகிறேன், வராமல் இருந்திருக்கலாம்.

நானூறு பேட்ஜை அகரவரிசையில் அடுக்கி வைப்பது சின்ன வேலை இல்லை. ஒரு எழுத்து பிசகினால் பொறியாளர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். ‘துணைத் தலைமைப் பொறியாளர்’ என்பதில் ‘துணை’ விட்டுப்போனால் மட்டும் ஒருத்தர் கண்ணுக்கும் அந்தத் தப்பு தெரியாது. அக்கா எல்லாரையும் சிரித்த முகமாகச் சமாளிப்பார். அவருக்குக் கல்யாணமாகி, பதினோரு மாதத்தில் அது முடிந்தும் போயிருந்தது. யாராவது துருவிக் கேட்டால், “அது ஒரு சின்ன கான்ட்ராக்ட், நீட்டிக்கலை” என்பார். அதற்கு மேல் கேட்க யாருக்கும் வாய் வராது.

அந்த நானூறில் ஒரு பேட்ஜ் மட்டும் தட்டில் இருக்காது, அக்காவின் டிராயரில் இருக்கும். மலைப்பக்கத்துத் துணைமின் நிலையம் ஒன்றில் ஆப்பரேட்டராக இருந்தவருடையது அது. மனைவி இறந்து, ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தவர். ஷிப்ட் ஷிப்டாக மீட்டர் முள்ளைப் பார்த்துப் பார்த்து, அதிர்ந்து பேசவே தெரியாத மனுஷன். அவர் மேஜை முன்னால் வந்து நின்றதும் அக்கா தட்டு முழுக்கத் தேடுகிற மாதிரி தேடுவார்.

“உங்க பேரைக் காணோமே சார். பதிவு பண்ணினீங்களா?”

“பண்ணினேனே. நல்லாப் பாருங்க.”

“இல்லையே. அப்ப ஓரமா நில்லுங்க, மத்தவங்க போகட்டும்.”

அவரும் ஓரமாக நிற்பார். கூட்டம் உள்ளே போகிறவரைக்கும், அதாவது இருபது நிமிஷம், மேஜை ஓரத்திலேயே நின்று பேசிக்கொண்டிருப்பார். பதினாலு வருஷம், ஒரே நாடகம். எனக்குத் தெரியும், டீ கொண்டுவருகிறவருக்குத் தெரியும், மண்டபத்து வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரியாது. பதினாலு வருஷத்தில் ஒரு செல் நம்பர் வாங்கிக்கொள்ளத் தெரியாத ஜென்மங்களை நான் எங்கேயும் பார்த்ததில்லை. எனக்கு எரிச்சலாக வரும். அக்காவிடம் ஒருநாள் கேட்டே விட்டேன்.

“வருஷம் பூரா என்னதான் பண்றீங்க அக்கா? ஒரு போன் போட்டாதான் என்ன?”

“போடா. போன்ல என்னத்தைப் பேசுறது” என்றார். காது சிவந்திருந்தது.

அப்புறம் அந்த நோய் வந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டது, மண்டபத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். ஆண்டுக் கூட்டம் இணையத்தில் நடக்கும் என்று சங்கச் செயலாளர் அறிவித்தார். உலகத்தில் முதல்முதலாக அவர்தான் அதைக் கண்டுபிடித்தது போல ஒரு மிதப்பு. அக்காவுக்கு இடி விழுந்த மாதிரி இருந்தது. ஆப்பரேட்டர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார், ஓய்வு பெற்றவர் அடுத்த வருஷம் பிரதிநிதியாக வர முடியாது. இதுதான் கடைசிக் கூட்டம். அதிலும் மேஜை இல்லை, ஓரமாக நிற்க இடம் இல்லை.

“இந்த வருஷம் அவரே ஏதாவது சொல்வார்னு இருந்தேன்டா” என்று அக்கா ஒரே ஒரு தடவை சொன்னார். அதைச் சொல்லும்போது ஸ்டேப்ளரில் பின் போட்டுக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லாருக்கும் போன அழைப்புக் கடிதத்தை அக்காதான் எழுதினார். கடைசி வரி இப்படி இருந்தது: ‘எது வேண்டுமானாலும் கேள்விப் பெட்டியில் எழுதுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.’ கீழே அக்காவின் கையெழுத்து. நானூறு பேருக்குப் போன கடிதம்தான், ஆனால் அந்த வரியை யாருக்காக எழுதினார் என்று எனக்குத் தெரியாதா என்ன.

கூட்டத்தன்று அலுவலகத்தில் நாங்கள் மூன்றே பேர். அக்கா, நான், கம்ப்யூட்டர் பார்க்கிற பெண். அக்கா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் முகம் திரையில் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. அவர் வேலை, காத்திருப்போர் பட்டியலில் பெயர் வந்ததும் பொத்தானை அமுக்கி உள்ளே விடுவது, அவ்வளவுதான். ஒன்பது பன்னிரண்டுக்கு ஆப்பரேட்டர் பெயர் வந்தது. தலைவரையும் இரண்டு தலைமைப் பொறியாளர்களையும் வெளியே நிற்க வைத்துவிட்டு அக்கா முதலில் அவரை உள்ளே விட்டார். கேமராவை அணைத்து வைத்திருந்தார் மனுஷன். கறுப்புக் கட்டம், அதில் பெயர். அக்கா அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 

தலைவர் ‘தடையில்லா மின்சாரம்’ என்று பேச்சைத் தொடங்கிப் பத்தாவது நிமிஷம், எங்கள் அலுவலகத்தில் கரண்ட் போனது. சிரிக்காதீர்கள், சத்தியமாகப் போனது. எங்கள் கம்ப்யூட்டர் வழியாகத்தான் எல்லாருக்கும் படம் போக வேண்டும். பேட்டரியிலும் செல்போன் இணையத்திலும் ஓடிய ஒரு மடிக்கணினியில் பார்த்தால், தலைவர் வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கிறார். மின்சாரக்காரர்களுக்கு இதைவிடக் கொண்டாட்டம் வேறென்ன வேண்டும்? நானூறு பேரும் கேள்விப் பெட்டியில் குதித்துவிட்டார்கள். ‘எந்த ஃபீடர்?’, ‘ஃபியூஸைப் பாருங்க’, ‘ஜெனரேட்டர் இல்லையா, வெட்கம்’, ‘ஆடியோ வரல’, ‘தலைவர் வாய்க்குள்ள ஈ போகப்போகுது’.

அக்கா செல்போனைத் தூக்கிக்கொண்டு தலைவரைச் சமாளிக்க ஓடினார். ஓடும்போதே, “மைக்கு, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் பார்த்துக்க” என்றார்.

பார்த்துக்கொண்டேன். மண்டை காய்ந்துபோயிருந்தது. ஒன்றுக்குப் பதில் அடிப்பதற்குள் இருபது வந்து விழுகிறது. கம்ப்யூட்டர் பெண், “எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ஒரே பதிலா அனுப்பிடலாம் சார்” என்றாள். தயாராக ஒரு பதில் இருந்தது. செலக்ட் பண்ணினேன், அமுக்கினேன். பெட்டி காலியானது. எனக்கு என்ன நிம்மதி தெரியுமா? எழுந்து போய் ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

இரண்டு நாளும் முடிந்தது. ஆப்பரேட்டர் வாயே திறக்கவில்லை. கடைசியில் எல்லாக் கட்டங்களும் ஒவ்வொன்றாக மறைந்தன, அவருடையதும் மறைந்தது. அக்கா வெறும் திரையைப் பார்த்து, “ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்ல” என்றார். அதற்கப்புறம் பல நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் பசி இல்லை என்பார். ஏங்கிப்போயிருந்தார் என்று நேராகச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்.

ஒன்றரை மாதம் கழித்துச் செயலாளர் ஒரு அறிக்கை கேட்டார். இணையவழிக் கூட்டத்தில் நாம் கற்ற பாடங்கள். அக்காதான் தயாரிக்க வேண்டும். கேள்விப் பெட்டியை அப்படியே அச்செடுத்து, ஸ்கேல் வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டு வந்தார். நான் எதிரில் உட்கார்ந்து கேபிள் சுற்றிக்கொண்டிருந்தேன். ஸ்கேல் ஒரு இடத்தில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. எழுந்து போய்த் தோளுக்கு மேலாகப் பார்த்தேன்.

217. ‘இம்மாத இறுதியில் ஓய்வு பெறுகிறேன். அதன் பின் தங்கள் ஊரிலேயே வீடு பார்க்கலாமா என்று எண்ணம். பதிவு மேஜையில் இருப்பவரின் கருத்தை அறிய விரும்புகிறேன்.’

பதில்: ‘தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது. நேரமின்மையால் பதிலளிக்க இயலவில்லை. நன்றி.’

பக்கத்திலேயே பதில் அனுப்பியவர் யார் என்பதும் அச்சாகியிருந்தது. மைக்கு.  அக்கா போனை இழுத்து வைத்து, அந்தத் துணைமின் நிலையத்துக்கு அடித்தார். எங்கள் போனின் ரிசீவர் பழுதாகி ஸ்பீக்கரில் மட்டும்தான் பேச முடியும். அதைச் சரிபண்ணச் சொல்லியும் என்னிடம்தான் சொல்லியிருந்தார்கள். புதிதாக வந்திருந்த ஆள் எடுத்து, ஆப்பரேட்டரின் செல் நம்பரைக் கொடுத்தார். பதினாலு வருஷத்தில் வாங்காத நம்பர் அரை நிமிஷத்தில் கிடைத்தது. அக்கா உடனே அதற்கு அடித்தார்.

“சங்கத்துலேருந்து பேசறேன். பதிவு மேஜை” என்றார் அக்கா.

 “சொல்லுங்க” என்று அவர் குரல் வந்தது.

“நீங்க எழுதினதை இன்னிக்குத்தான் பார்த்தேன்.”

“அன்னிக்கே பதில் வந்துச்சே. நேரம் இல்லைன்னு.”

அக்கா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். “ஆமா. வந்திருக்கு” என்றார்.

“நான் தப்பா எடுத்துக்கலை. அத்தனை பேர் இருக்கிற கூட்டத்துல அப்படிக் கேட்டது என் தப்பு. கேட்டிருக்கக் கூடாது.”

“கேட்டிருக்கலாம். பத்து வருஷம் முன்னாடியே கேட்டிருக்கலாம்.”

அந்தப் பக்கம் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

“பொண்ணு வந்து கூட்டிட்டு வந்துட்டா” என்றார் அவர். “அவளுக்கு ரெட்டைக் குழந்தை. மாப்பிள்ளைக்கு வெளியூர் வேலை, பார்த்துக்க ஆள் இல்லை. இதுங்க பள்ளிக்கூடம் போற வரைக்கும் இருக்கேன்னு வாக்குக் கொடுத்துட்டேன். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணி, விமானம் ஏறி, இங்க வந்து மூணு வாரமாச்சு.”

“நல்லது. குழந்தைங்க எப்படி இருக்காங்க?”

“ஒண்ணு தூங்கினா ஒண்ணு முழிச்சுக்குது. ஷிப்ட் போட்டுக்கிட்டு அழுவுதுங்க.”

அக்கா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைக் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது எனக்கு.

“அப்ப நீங்க...” என்று அவர் இழுத்தார். “வேண்டாம்னு சொல்லலையா?”

“சொல்லலை.”

 குழந்தை விடாமல் அழுதது.

“போய்த் தூக்குங்க. பாவம், எவ்வளவு நேரம் அழும்” என்றார் அக்கா.

“வெச்சிடட்டுமா?”

“வெச்சிடுங்க.”

ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லி அக்கா என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். அந்தப் பதில் தான் அனுப்பியது இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல நின்றேன். “அக்கா, நான் படிக்காம...” என்று ஆரம்பித்தேன். “கேபிள் பாதியிலேயே கிடக்கு பாரு. யாராவது தடுக்கி விழப்போறாங்க” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் பிழைத்திருப்பேன்.

அறிக்கையை அந்த வாரமே முடித்துக் கொடுத்தார். செயலாளர் அறையில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். குரல் நன்றாக இருக்கிறது என்று என்னையே படிக்கச் சொன்னார்கள். அலுவலகத்துக்கு ஜெனரேட்டர் வேண்டும். பேச்சாளர்களுக்கு முதல்நாளே ஒத்திகை வேண்டும். தலைவர் உரை பத்து நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. எல்லாரும் சிரித்தார்கள். நான் அடுத்த வரிக்கு வந்தேன்.

‘பதில் அனுப்புகிறவர், அனுப்புவதற்கு முன் கேள்வியை ஒருமுறை படிக்க வேண்டும்.’

செயலாளர் மேஜையைத் தட்டினார். “அடடா, இதுதான் பாயின்ட். இதை முதல்ல போடுங்கம்மா. மைக்கு, அதை இன்னொரு தடவை படி. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி படி.”

அக்கா தலை நிமிராமல் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். நான் இன்னொரு தடவை படித்தேன்.