முகடு வரை எழுப்பிய சுவர்

என் தம்பி வீட்டுக்குள் காற்று போகிற வழியைக் கல் வைத்து அடைத்தவன் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. முப்பது வருடங்களுக்கு மேல் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியிருக்கிறேன். சூடான காற்று மேலே ஏறும், அது வெளியேற ஒரு வழி வேண்டும், வெளிக்காற்று உள்ளே வர இன்னொரு வழி வேண்டும் என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியவன். எந்த அம்புக்குறியை மறிக்கிறேன் என்று தெரிந்தேதான் மறித்தேன்.

கோவையிலிருந்து அன்னூர் போகிற ரோட்டில், நகரம் வந்து ஒட்டிக்கொண்ட ஓர் ஊரில், அப்பா கட்டிய வீடு இருக்கிறது. கிழக்கு மேற்காக நீண்ட ஒரே கூரை, சீமை ஓடு. பாகம் பிரித்தபோது மேற்குப் பாதி எனக்கும் கிழக்குப் பாதி தம்பிக்கும் வந்தன. நடுவில் எழுப்பிய சுவர் மச்சுப் பலகையோடு நின்றுவிட்டது. பலகைக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தை எங்கள் பக்கம் அட்டாலி என்போம். அண்டா, உடைந்த கட்டில் கால், பழைய டிரங்குப் பெட்டி கிடக்கிற இடம். அதை யாரும் பிரிக்க நினைக்கவில்லை. கூரையின் இரு முனைகளிலும் முக்கோணச் சுவரில் சாய்வாகப் பலகை அடித்த ஜன்னல் ஒன்று உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று என் பக்கத்து ஜன்னலில் நுழைந்து, அட்டாலியில் தேங்கிய சூட்டை வாரிக்கொண்டு, தம்பி பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே போகும். அப்பா படிக்காதவர். ஆனால் அந்த இரண்டு ஜன்னல்களையும் நேருக்கு நேர் வைத்திருந்தார்.

என் சந்தேகம் தொடங்கியது ஒரு தொலைபேசிப் பேச்சில். வெளியூரில் இருக்கும் என் மகனிடம், என் பாதியை விற்றுவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னேன். படுக்கையறையில், கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். மறுநாள் காலையில் தம்பி வேலியோரம் வந்து நின்றான்.

"ஏனுங்கண்ணா, பாகத்தை வெளியாளுக்குக் குடுக்கறதா இருந்தா எங்காதுலயும் ஒரு வார்த்தை போட்டு வையுங்க."

உள்ளே போனேன். என் மனைவியிடம் கேட்டேன். அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை என்றாள். அன்று இரவு படுத்தபடி மேலே பார்த்தேன். மச்சுப் பலகைகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்குகள் அதற்குமுன் என் கண்ணில் பட்டதே இல்லை.

அதற்கப்புறம் எல்லாமே சாட்சியாகத் தெரிந்தது. நாங்கள் பேசுவது அவர்களுக்குத் தெரிகிறது, அவர்கள் பேசுவது எனக்குக் கேட்பதே இல்லை. வேண்டுமென்றே குசுகுசுவென்று பேசுகிறார்கள் என்று முடிவு செய்தேன். சோதனை ஒன்றும் வைத்தேன். எல்லையில் நிற்கிற தென்னையை அடுத்த வாரம் வெட்டப்போகிறேன் என்று மனைவியிடம் வேண்டுமென்றே பொய் சொன்னேன். விடிந்ததும் தம்பி அந்தத் தென்னையடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். என்னவென்று கேட்டால், காய் முத்தியிருக்கிறதா என்று பார்த்தானாம்.

ஒருநாள் அவர்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் பார்த்து, ஏணி வைத்து அட்டாலியில் ஏறினேன். தம்பி மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அவர்கள் இல்லாத நேரத்தைக் கணக்குப் போடுவது சுலபமாக இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். என் பக்கம் விரற்கடை தூசி. அவர்கள் பக்கம் ஓரிடத்தில் தூசியே இல்லை. துடைத்துவிட்டுத் தெர்மாகோல் அட்டைகளை வரிசையாகப் பரப்பியிருந்தார்கள். சத்தமில்லாமல் உட்கார்ந்து கேட்பதற்காகத்தான் அதை விரித்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. அதற்கு நேர் கீழே யாருடைய கட்டில் கிடக்கிறது என்று நான் யோசிக்கவில்லை.

கொத்தனாரைக் கூப்பிட்டேன். நடுச்சுவரை முகடு வரைக்கும் எழுப்பிவிட வேண்டும், ஓட்டுக்குக் கீழே விரல் நுழைகிற இடம்கூட இருக்கக்கூடாது என்றேன். மரநாய் வந்து அட்டாலியில் நாசம் செய்கிறது என்று காரணம் சொன்னேன்.

"மரநாய்க்குக் கம்பிவலை போதுமுங்க சார்," என்றார் அவர். "முகடு வரைக்கும் அடைச்சா அந்தப் பக்கம் வெந்துபோயிருமுங்களே."

சொன்னதைச் செய்யுங்கள் என்றேன். பள்ளிக்கூடத்தில் இப்படிச் சரியான பதிலைச் சொன்ன பிள்ளையை நான் ஒருநாளும் உட்கார வைத்ததில்லை.

அதோடு விடவில்லை. என் பக்கத்துக் கூரையில் காற்றாடி ஒன்றும் மாட்டினேன். காற்றில் தானாகச் சுழன்று உள்ளே இருக்கும் சூட்டை வெளியே இழுக்கும் அலுமினிய உருண்டை. மில் கூரைகளில் பார்த்திருப்பீர்கள். பங்குனி வெயிலில் என் அறை முன்னைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. வெப்பமானி தொங்கவிட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் சுவர் எழும்பிய பிறகும் செய்தி போய்க்கொண்டிருந்தது. என் முழங்காலுக்கு அறுவை சிகிச்சை வேண்டும் என்று டாக்டர் சொன்னதை மனைவியிடம் மட்டும்தான் சொன்னேன். மறுநாளே தம்பி முழங்காலைப் பற்றி விசாரித்தான். கொத்தனார் அவர்களோடு சேர்ந்து எங்கோ ஓட்டை விட்டிருக்கிறார் என்று மறுபடி மேலே ஏறினேன். ஊதுபத்தி கொளுத்திச் சுவரின் மூலைமுடுக்கெல்லாம் காட்டினேன். புகை நூல் பிடித்ததுபோல் நேராக ஏறியது. அந்தப் பக்கம் துளிக் காற்றும் போகவில்லை என்று என் கையாலேயே நிரூபித்துவிட்டு, திருப்தியோடு இறங்கினேன். சுவரும் இல்லை, கொத்தனாரும் இல்லை என்றால் மிச்சம் என் மனைவிதான். அவளிடம் கேட்டேவிட்டேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நான் ரிமோட்டை எடுத்தபோது, தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இன்னுங் கொஞ்சம் சத்தமா வையுங்க. பல்லடத்துல இருக்கறவங்களும் கேட்டுக்கட்டும்." அவள் எதற்காக அதைச் சொன்னாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

சித்திரை தொடக்கத்தில் தம்பி வந்தான். வாசலிலேயே நின்றான்.

"மேல ரெண்டு கல்லை மட்டும் எடுத்துவுடுங்கண்ணா. பகல்ல அவளால உள்ள படுக்க முடியறதில்லீங்க."

மரநாய் வரும் என்றேன். அவன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சரிங்கண்ணா என்று போய்விட்டான். அந்தப் பார்வையில் ஏதோ திட்டம் இருக்கிறது என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்து, மதியம் சாப்பிட உட்காரும் நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்த தம்பி மனைவியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நானும் மனைவியும் பின்னாலேயே ஆட்டோ பிடித்துப் போனோம். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதாகச் சொன்னார்கள். உடனே டயாலிசிஸ் செய்ய உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். எப்படி ஆயிற்று என்று தம்பியிடம் கேட்டேன்.

"ஒரு நாளைக்கு முக்கா லிட்டர் தண்ணிதானுங்கண்ணா அவளுக்கு. அளந்துதான் குடுப்பேன். வேக்காடு தாங்காம, நான் கடைக்குப் போன நேரத்துல சொம்பு சொம்பா குடிச்சுப்போட்டா."

அவள் நோயாளி என்பது எனக்குத் தெரியும். இந்தத் தண்ணீர்க் கணக்கு தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

தம்பி நீண்ட நடையின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்துகொண்டான். எனக்கு அப்போதும் என் கவலைதான். மனைவியின் காதருகே குனிந்து ரகசியமாகக் கேட்டேன்: சுவரைப் பற்றி இவன் டாக்டரிடம் ஏதாவது சொல்லியிருப்பானா?

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். ஒரு நர்ஸ் வாயில் விரல் வைத்துக் காட்டினாள். நடையின் கோடியிலிருந்து, இருக்கையைவிட்டு எழாமலேயே தம்பி சொன்னான். வாயசைவும் சேர்ந்ததால் எனக்குப் புரிந்தது.

"இல்லீங்கண்ணா. நான் யாருகிட்டயும் சொல்லலீங்க."

மனைவி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். என் ரகசியம் எப்படிப் போய்க்கொண்டிருந்தது என்பது எனக்கு அந்த பெஞ்சில் தெரிந்தது. மச்சு வழியாகப் போகவில்லை; வாசல் வழியாக, தெருவுக்கே கேட்கும்படி போயிருக்கிறது. அவர்கள் குசுகுசுவென்று பேசவில்லை. என் காது போய்விட்டிருந்தது.

தம்பி மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு வாரத்துக்குள் அதே கொத்தனாரை அழைத்து வந்தேன். மச்சுக்கு மேல் எழுப்பியிருந்த சுவர் முழுவதையும் பிரித்து எடுக்கச் சொன்னேன். தம்பி பக்கத்து முக்கோண ஜன்னலில் குருவிக்கூடும் ஒட்டடையும் அடைத்திருந்தன. சுத்தம் செய்து கம்பிவலை அடித்தோம். என் கூரையில் இருந்த காற்றாடியைக் கழற்றி, அவள் கட்டிலுக்கு நேர் மேலே, தம்பி பக்கத்து முகட்டில் மாட்டினோம். கொத்தனார் தெர்மாகோல் அட்டைகளை என்ன செய்வது என்று கேட்டார். அட்டாலிச் சூடு பலகைக்கு இறங்காமல் இருக்க தம்பி விரித்தவை அவை. இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றேன்.

அன்று சாயங்காலம் தம்பியிடம் சொன்னேன். மரநாய் என்று சொன்னது பொய், நீங்கள் ஒட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைத்துத்தான் அடைத்தேன், அந்தப் பக்கம் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும் என்றேன்.

"தெரியுமுங்கண்ணா," என்றான், என் பக்கமாக வந்து, கொஞ்சம் உரக்க. "சுவரு எழுப்புன அன்னிக்கே பையங்கிட்ட போன்ல சொன்னீங்க. இனி எப்படிக் கேக்கறாங்கன்னு பாக்கறேன்னு. ரெண்டு பேரும் வாசல்லதான் உக்காந்திருந்தோம்."

தெரிந்துமா இரண்டு கல்லை எடுக்கச் சொல்லி வந்தாய் என்று கேட்டேன்.

"அவளுக்கு மூச்சு முட்டுச்சுங்க. அப்ப அதையெல்லாம் பேசி என்னங்க பண்றது."

காதுக்கு மிசின் வாங்கிக்கொண்டேன். அவள் வீடு திரும்பி இரண்டாம் நாள், அதைப் போட்டுக்கொண்டு என் அறையில் உட்கார்ந்திருந்தேன். காற்றாடி சுழலும் கிறீச்சொலி, பாத்திரம் வைக்கும் சத்தம் என்று வரிசையாக வந்தன. பிறகு அட்டாலி வழியாக அவள் குரல், மெலிந்து வந்தது.

"மெல்லப் பேசுங்க. மாமா மிசின் போட்டுருக்கறாரு."

மறுநாள் மேலே ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. நான் பிரித்த இடத்தில், அவர்கள் பக்கத்திலிருந்து பிளைவுட் பலகை ஒன்றை வைத்து அறைந்திருந்தார்கள். தம்பியிடம் போனேன். காற்றாடி மட்டும் போதாது, இந்தப் பக்கத்துக் காற்று உள்ளே வந்தால்தான் அது சூட்டை இழுக்கும் என்றேன். அவன் தரையைப் பார்த்தான். அவள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள், நான் ஒட்டுக் கேட்பேன் என்று நினைக்கிறாள் என்றான். கேட்க மாட்டேன் என்று நான் எதன்மேல் சத்தியம் செய்ய முடியும்? அவள் நினைத்ததில் தப்பும் இல்லை. முந்தின நாள் நான் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன்.

அடுத்த நாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் மிசினைக் கழற்றி அதன் சின்னப் பெட்டியில் போட்டு, அவர்கள் வீட்டு ஜன்னல் திண்டில் வைத்தேன். வெயில் தாழும்வரை இது இங்கேயே இருக்கும் என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வந்தேன். என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காது கேக்காத வரைக்குந்தான் உங்களுக்கு இந்த ஊட்டுல எல்லாமே கேட்டுட்டு இருந்துதுங்க," என்றாள். நன்றாகக் கேட்கும்படி.

மூன்று நாள் வைத்தேன், பலகை அசையவில்லை. பெட்டிக்குள் மிசின் இருக்கிறதா என்று அவர்கள் திறந்து பார்த்திருந்தார்கள். நான் வைத்த பக்கம் மாறியிருந்தது. என்னிடம் இன்னொரு மிசின் இருக்குமோ என்றுகூட நினைத்திருப்பார்கள். நானாக இருந்தால் நினைத்திருப்பேன்.

நான்காம் நாள் மதியம் ஏணியில் பாதி ஏறி, தலையை மட்டும் அட்டாலிக்குள் நீட்டி, ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை ஒரு சாண் நேராக ஏறி, பிறகு கிழக்கே சாய்ந்தது. அங்கே பலகைக்குக் கீல் வைத்திருந்தார்கள். ஒரு முழம் திறந்திருந்தது.

ஒரு வருடம் போய், இந்தச் சித்திரையும் அப்படித்தான் போகிறது. பெட்டி ஜன்னலில் இருக்கும்வரை பலகை திறந்திருக்கும். நான் எடுத்துக்கொண்டு வந்ததும் மூடிவிடுவார்கள். இடையில் ஒருநாள் பெட்டியை வைக்க மறந்தேன். அன்று பலகை திறக்கவே இல்லை. அன்று பகல் முழுவதும் அவள் எத்தனை சொம்பு தண்ணீருக்குத் தவித்தாளோ, கேட்கப் பயமாக இருந்தது. அதற்கப்புறம் மறக்கவில்லை. இந்தக் கோடையில் இதுவரை ஆம்புலன்ஸ் வரவில்லை.

சாயங்காலம் பெட்டியை எடுக்கப் போகும்போது, அவள் கட்டிலில் படுத்தபடியே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி ஏதோ சொல்கிறாள். மிசின் என் கையில்தான் இருக்கும், காதில் இருக்காது. உதடு அசைவதைப் பார்த்தால் "எடுத்துக்குங்க மாமா" என்பதுபோலத் தெரிகிறது. வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். என்னவென்று நான் இதுவரை யாரிடமும் விசாரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.