அருந்ததிக்குப் பக்கத்தில் ஒன்று

மொரப்பூர்ப் பக்கத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கோகிலவாணி ஆய்வக உதவியாளர். குடுவை கழுவுவதும் அலமாரி பூட்டுவதும்தான் வேலை. பன்னிரண்டு வருஷமாகச் சாயங்காலங்களில் மொபெட்டில் தொலைநோக்கியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வானம் காட்டுவது, அவளாக இழுத்து விட்டுக்கொண்ட வம்பு. "பேய் புடிச்ச பொம்பள" என்று முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் உண்டு. அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "பேய்க்கு எதுக்குங்க டெலஸ்கோப்பு?" என்று திருப்பிக் கொடுப்பாள்.

அவள் விளக்குகிற விதமே தனி. நியூட்ரான் நட்சத்திரம் என்றால் தீர்த்தமலையை ஒரு கரண்டிக்குள் அடைத்துக் காட்டுவாள். கருந்துளை என்றால், கட்டிக் கொடுத்த பெண் மாதிரி, உள்ளே போனால் சேதியே வெளியே வராது என்பாள். நட்சத்திரங்களை மனுஷர்களாக்கிப் பேசினால்தான் சனம் நிற்கிறது என்று கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதுதான் அவளைக் கவிழ்த்தது.

போன சித்திரையில் பொம்மிடிப் பக்கம் ஒரு ஊரில் சப்தரிஷி மண்டலத்தைக் காட்டினாள். "வசிட்டருன்னு நாம பாக்கறது உண்மையில நாலு நட்சத்திரமுங்க. அருந்ததியும் தனியா இல்ல. பக்கத்துலயே மங்கலா ஒரு சின்ன நட்சத்திரம். 2009லதான் கண்டுபுடிச்சாங்க. ஆக மொத்தம் ஆறு." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கூட்டம் கொட்டாவி விட்டது. "இத்தன காலமா வசிட்டருக்கே தெரியாம ஒருத்தர ஒளிச்சு வச்சிருந்திருக்குது அந்தம்மா!" என்று சேர்த்துக்கொண்டாள். கூட்டம் சிரித்தது. எவனோ அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி வாட்ஸாப்பில் விட்டான்.

மூன்றாம் நாள் அது அதியமான்கோட்டைக்குப் போனது. அங்கே நெடுஞ்சாலையில் ஓட்டல் வைத்திருக்கும் நஞ்சப்பனின் மகனுக்குத்தான் இவள் மகள் காவியாவை வைகாசியில் கட்டிக் கொடுப்பதாக இருந்தது. இரண்டு வருஷம் பழகி, ஒற்றைக்காலில் நின்று காவியா சம்மதிக்க வைத்த கல்யாணம்.

நஞ்சப்பன் வந்தார். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"பத்தினி தெய்வத்தையே கிண்டலடிச்ச வூட்டுல பொண்ணு எடுக்கறதான்னு கேக்கறாங்க. கல்யாணத்தன்னிக்கு மைக்க புடிச்சு, அப்படி ஒரு நட்சத்திரமே இல்ல, நான் சொன்னது பொய்யின்னு சொல்லோணும். இல்லாட்டி பொண்ண நீங்களே வச்சுக்குங்க."

"கிண்டல் பண்ணது தப்புங்க சம்மந்தி. கால்ல வுழுந்துகூட மன்னிப்பு கேக்கறன். ஆனா நட்சத்திரம் இருக்குதுங்களே!"

"இல்லைன்னு சொல்லுங்க. இருந்துட்டுப் போவட்டும்."

அவருக்கு அவ்வளவு சுலபம். கோகிலவாணியின் புருஷன் மாதேஸ்வரன், "ஒரு வார்த்தைதான, சொல்லித் தொலையேன்" என்றார். அவருக்கும் சுலபம். காவியா மட்டும் அப்படிச் சொல்லச் சொல்லிக் கேட்கவில்லை.

கல்யாணத்தன்று காலை ஏழரை மணிக்கு மண்டபத்தில் மைக்கைப் பிடித்தாள். "அருந்ததி பக்கத்துல எந்த நட்சத்திரமும் இல்லீங்க. நான் சொன்னது பொய்." பன்னிரண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்தியதற்குத் தட்டாத கைகள் அதற்குத் தட்டின. தாலி ஏறியது.

மைக்கை வாங்கிக்கொள்ளக்கூட யாருக்கும் தோன்றவில்லை, கையிலேயே இருந்தது. அட்சதை போட அவள் குனிந்தபோது காவியா பல்லைக் கடித்துக்கொண்டு, "எனக்காகத்தான் பொய் சொன்னன்னு நாளைக்கு யாருகிட்டயும் சொல்லிக்காத" என்றாள்.

அம்மி மிதித்தாயிற்று. பட்டப்பகலில் ஐயர் மின்விசிறியைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "அருந்ததி தெரியுதாம்மா?"

எல்லாப் பெண்களும் தலையாட்டிவிட்டுப் போகிற இடம். காவியா ஆட்டவில்லை.

"எங்கம்மாவ கேட்டுச் சொல்றனுங்க." திரும்பினாள். "அங்க மொத்தம் எத்தனம்மா இருக்குது?"

நஞ்சப்பன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கோகிலவாணி அவரைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மைக்கை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"ஆறு."

காவியா ஐயர் பக்கம் திரும்பி, அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினாள்.

"தெரியுதுங்க."